செத்தவர் கையெழுத்துப் போட்ட புத்தகம்

கேள்வி: குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குடிமீட்புக் கூட்டமைப்புகளின் வரலாற்றுப் புத்தகங்களை, கையெழுத்திட்ட பிரதிகளாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். இப்போது ஒருவர், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் நிறுவனர்களான பில் வில்சன், டாக்டர் பாப் இருவரும் கையெழுத்திட்ட, அந்த அமைப்பின் பெயரையே கொண்ட மூல நூலின் ‘முதல் பதிப்பு’ இருப்பதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? இன்னொன்று: “பெயரை வெளியே சொல்லாத கூட்டத்தில் நீ கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்குகிறாயே” என்று கூட்டத்து நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். அது உறுத்துகிறது.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உரிமைப் பக்கத்தில் ‘இரண்டாம் பதிப்பு, 1955’ என்று அச்சாகியிருக்கிறது. டாக்டர் பாப் 1950 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். பில் 1971 ஜனவரி வரை இருந்தார், அதனால் அவருடையது அசலாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கையெழுத்து பொய் என்று தெரிந்த பக்கத்தில் இன்னொன்றை நம்பிப் பணம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

‘முதல் பதிப்பு’ என்ற சொல்லிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. 1939 ஏப்ரலில் வந்த முதல் பதிப்பு 1954 வரை பதினாறு முறை அச்சானது. பதினாறும் முதல் பதிப்புதான், பொய்யில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் துரத்துவது முதல் அச்சை. சிவப்புத் துணி அட்டை. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் மேலுறை. மூன்றரை டாலர் கொடுப்பவருக்குக் கை நிறைய ஏதோ வாங்கினோம் என்று தோன்ற வேண்டுமென்று தடித்த தாளில் அச்சடித்தார்கள். ‘பிக் புக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்தப் பருமனால்தான்.

அட்டை மாற்றப்பட்டிருந்தாலும் உள்ளே ஒரு அடையாளம் உண்டு. குடியிலிருந்து மீள அந்த நூல் சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடைசிப் படியைத் திறந்து பாருங்கள். முதல் அச்சில் ‘ஆன்மிக அனுபவம்’ என்று இருக்கும். 1941-இல் வந்த இரண்டாம் அச்சிலிருந்து அது ‘ஆன்மிக விழிப்பு’. பளிச்சென்று ஒளி தெரிந்தால்தான் குடி விடுமோ என்று வாசகர்கள் பயந்ததால், சொல்லை மாற்றி, பின்னிணைப்பாக ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். ஒரே ஒரு சொல்தான், ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது அதில் இருக்கிறது. எனக்கு எந்தக் கையெழுத்தையும்விட இது பிடிக்கும்.

கையெழுத்தைப் பார்க்கும்போது முதலில் மையைப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 கடைசியில். 1940 என்று தேதி போட்டு பால்பாயிண்டில் எழுதியிருந்தால் அப்படியே மூடி வைத்துவிடலாம். அப்புறம் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை ஆசையில் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோடு முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். அது பேனாவால் எழுதியதே இல்லை, பக்கத்தோடு சேர்த்து அச்சடித்தது. விற்றவர் “கையெழுத்து இருக்கிறது” என்றுதான் சொல்லியிருந்தார், “போட்டது” என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சரி, நண்பர் கேட்டதற்கு வருவோம். பெயர் வெளியிடாமை என்பது பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொதுவெளிக்கான மரபு. பில் 1954-இல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தையே வேண்டாம் என்றவர். அதே பில் நண்பர்களுக்குக் கொடுத்த புத்தகங்களில் கையெழுத்துப் போட்டார். இரண்டும் முரண் இல்லை. ஒன்று ஊருக்கு, மற்றது ஒருவருக்கு. ஆகவே கையெழுத்தை வைத்திருப்பதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நண்பரின் உறுத்தல் வேறு ஒரு இடத்தில் நியாயமானது. பழைய பிரதிகளில், “முதல் வருடம் முடித்ததற்கு” என்று எழுதி, கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் முழுப்பெயரும் ஊரும் இருக்கும். அவர்கள் நிறுவனர்கள் இல்லை, யாரோ இரண்டு பேர். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்கோ இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். யாருக்காவது காட்டினால் குடும்பப் பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் காட்டுங்கள். அழிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம்.

கையில் இருக்கும் பணத்தை வரலாற்றாசிரியர்கள் பக்கம் திருப்பலாம் என்பது என் யோசனை. எர்னெஸ்ட் கர்ட்ஸ் ஹார்வர்டில் செய்த ஆய்விலிருந்து 1979-இல் வந்த ‘நாட்-காட்’, வில்லியம் ஒயிட்டின் 1998-ஆம் வருடத்துப் புத்தகமான ‘ஸ்லேயிங் த டிராகன்’, இரண்டும் இந்தத் துறையின் தூண்கள். தங்கள் பெயரில் எழுதி, தங்கள் பெயரில் கையெழுத்திட்டவர்கள். அங்கே உறுத்தலுக்கு இடமே இல்லை. ஒயிட்டின் புத்தகத்தில் வாஷிங்டோனியர்கள் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். 1840-இல் பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறு குடிகாரர்கள் தொடங்கிய இயக்கம் அது. மளமளவென்று வளர்ந்து, சில வருடங்களிலேயே கரைந்துபோனது. அமைப்பின் பன்னிரண்டு மரபுகளில், வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்ற பத்தாவதை விளக்கும்போது பில் அவர்களைத்தான் எச்சரிக்கையாக நினைவுபடுத்துகிறார்.

அந்த விற்பனையாளருக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்: “டாக்டர் பாப் இதில் எந்த வருடம் கையெழுத்துப் போட்டார்?” பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.