கருப்பட்டியை ருசி பார்ப்பது எப்படி? அண்ணாச்சியிடம் கேட்டவை

பங்குனி வெயில் ஏறியதும் பதனி, அதாவது பனையின் இனிப்பு நீர், இறங்கத் தொடங்கிவிட்டது. நான் திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் வளர்ந்தவன். தாத்தா பனையேறினார், ஆச்சி விடிலியில் (காய்ச்சும் ஓலைக் குடிசை) பதனியைக் கருப்பட்டியாகக் காய்ச்சினார். நல்ல கருப்பட்டியை நாக்கால் கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, எனக்கு எல்லாக் கருப்பட்டியும் வெறும் இனிப்பாகத்தான் தெரிகிறது. நல்லது எது என்று எதை வைத்துச் சொல்வது?

இனிப்பை விட்டுவிடுங்கள் தங்கச்சி. அது எல்லாவற்றிலும் இருக்கும். இனிப்பு அடங்கிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பாருங்கள்.

காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் செய்து பாருங்கள். இரண்டு கடைகளில் வாங்கிய கருப்பட்டியில் ஒவ்வொரு சில்லு எடுங்கள். ஒன்றை உடைத்து, உடைந்த பக்கத்தை உடனே மூக்கருகே கொண்டுபோங்கள். ஓலை எரிந்த புகையும், லேசாகக் கருகிய பாகும் சேர்ந்த வாசம் வர வேண்டும். அப்புறம் நாக்கில் வைத்து, கடிக்காமல் கரைய விடுங்கள். முதலில் இனிப்பு. கொஞ்சம் பொறுத்தால் மெல்லிய உவர்ப்பு. விழுங்கிய பிறகு மூக்கு வழியாக அந்தப் புகை வாசம் திரும்ப வரும். பானைத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த சில்லு. ஒன்றை மட்டும் தின்றால் எதுவும் பிடிபடாது. அடுத்தடுத்து வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வள்ளியூர்த் தம்பி ஒருவர்: அந்த உவர்ப்பு மண்ணாலா, சுண்ணாம்பாலா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டையும் சொல்வார்கள். சுண்ணாம்பின் வேலையை மட்டும் நான் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன்.

சீவிய பனம்பாளையிலிருந்து சொட்டும் நீர், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் பட்டுச் சீக்கிரமே புளிக்கத் தொடங்கும். விட்டால் கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதனி. தடவுவதிலும் கை அளவு உண்டு. கூடினால் வாயில் காரலடிக்கும். குறைந்தால் பதனி புளித்து, அதிலுள்ள சர்க்கரை உடைந்து, எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. அப்படி ஒரு நாள் காய்ச்சல் வீணானபோது, பிசுபிசுவென்று கிடந்த பாகை ஆச்சி வெகுநேரம் கிண்டிக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 8 முதல் 10 லிட்டர் பதனி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அத்தனையும் ஒருவர் மரம் மரமாக ஏறி இறக்கியது.

பதம் பார்ப்பதும் அழகு. சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், தண்ணீர் வைத்து ஒரு சொட்டுப் பாகை விடுவார்கள். கரையாமல் அடியில் உருண்டு நின்று, விரலால் உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும். உடனே இறக்கி, கிண்டி, சிரட்டைகளில் ஊற்றிவிடுவார்கள். அரை வட்டமாகக் கருப்பட்டி வருவது அந்தச் சிரட்டையால்தான்.

தென்காசியிலிருந்து ஓர் ஐயா: சீனி கலந்ததை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்பட முடியும் ஐயா, உறுதியாகச் சொல்ல முடியாது. சீனி அதிகம் சேர்ந்தது பெரும்பாலும் கல் போல இறுகி, உடைத்த இடத்தில் மினுமினுக்கும், வாயில் சட்டென்று கரையும். பின்ருசி இருக்காது. ஆனால் பதனியில் இருப்பதும் பெரும்பாலும் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அதனால் தண்ணீரில் போட்டுப் பார்க்கிற வித்தையெல்லாம் முடிவான சோதனை ஆகாது. காய்ச்சுகிறவரைத் தெரிந்து, சீசனில் அவரிடமே வாங்குவதுதான் என் வழி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. (உடன்குடி 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம், அதற்கு முன் எங்கள் நெல்லை மாவட்டம். ருசியில் எங்களுக்கு எல்லாம் ஒரே சீமைதான்.)

நாங்குநேரி மதினி ஒருவர்: சர்க்கரை நோய்க்காரர்கள் கருப்பட்டி சாப்பிடலாம் என்கிறார்களே?

வேண்டாம் மதினி. கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ருசிக்காக ஒரு துளி வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பட்டி மேல் எனக்குக் கொள்ளை ஆசை, ஆனால் அதை மருந்து என்று சொல்ல மாட்டேன்.

சென்னையில் இருக்கும் நம்மூர்த் தம்பி: சித்திரை விடுமுறைக்கு வருகிறேன். பதனி எப்போது, எப்படிக் குடிக்க?

விடியற்காலையில், மரத்தடியில், பட்டையில். பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றியதும் ஓலையின் பச்சை வாசம் பதனியில் ஏறும். தம்ளரில் அது கிடைக்காது. முதல் பட்டையை வெறுமனே குடியுங்கள். இரண்டாவதில் நுங்கைத் தோண்டிப் போட்டுக்கொள்ளலாம், மாங்காய் நறுக்கிப் போட்டாலும் பிரமாதம். வெயில் ஏறிய பிறகு வண்டியில் விற்பது இனித்தாலும் வாசம் போயிருக்கும். நாக்கில் சுருக்கென்று புளித்தால் வைத்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்து அக்கா: கருப்பட்டி காபியில் பால் திரிந்துபோகிறது தம்பி.

பாலோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள் அக்கா. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் சேருங்கள். இன்னொன்று, ருசி பார்க்க வேண்டுமானால் பாலே வேண்டாம், சுக்கு தட்டிப்போட்ட கருப்பட்டித் தண்ணீரே போதும்.

அதே அக்கா: ஐப்பசி மழையில் கருப்பட்டி நீர் விடுகிறதே?

அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆச்சி ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் வைப்பார். கேஸ் அடுப்பு வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் காகிதம் சுற்றி வையுங்கள். கசிந்திருந்தால் ஒரு நாள் நல்ல வெயிலில் காட்டுங்கள், எறும்பு வராமல் பக்கத்திலேயே இருங்கள்.