முதல் அடி சும்மா

அன்புள்ள ஐயா,

நான் டோம்பிவிலியில் இருக்கிறேன். காட்கோபரில் இறங்கி மெட்ரோ பிடித்து அந்தேரிக்கு வேலைக்குப் போகிறவன். பள்ளி நாட்களில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன், பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டேன். குஸ்தாவோ துதாமெல் 2006-இல், தன் 25 வயதில், வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழுவை வைத்துப் பதிவுசெய்த பீத்தோவனின் ஐந்தாவது, ஏழாவது சிம்பொனிகள் தற்செயலாகக் கையில் சிக்கின. ஐந்தாவதின் முதல் பகுதியை மட்டும் ரயிலில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். அலுவலகத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருவர், "அது விடலைப் பையன் வேகம், பக்குவம் கிடையாது, கார்லோஸ் கிளைபர் நடத்தியதைக் கேள்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனசு ஒட்டவில்லை. உலகத்துக்கே தெரிந்த சிம்பொனியை ஒரு இளைஞர் மறுபடி ஏன் பதிவு செய்ய வேண்டும்? நான் எதிலிருந்து தொடங்குவது? நம் சங்கீதத்தைவிட இது உயர்ந்ததா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் கழித்துவிடுகிறேன். அதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை. ஆறு வருஷம் மிருதங்கம் வாசித்தவர் கேட்கிற கேள்வியா அது?

மற்றதற்கு வருகிறேன். இரண்டு வாரமாக நானும் அந்த ஐந்தாவது சிம்பொனியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறொரு காரணத்துக்காக. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் உங்கள் கடிதமும் மற்ற கடிதங்களோடு தூங்கியிருக்கும்.

நான் பம்பாய்க்கு வந்தது 1981-இல். மாட்டுங்காவில் ஒரு அறையில் நாலு பேர், சாப்பாடு மெஸ்ஸில். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அங்கிள். பகலில் லெட்ஜர், முன்னிரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சினிமா ரெக்கார்டிங்கில் வயலின். அந்தக் காலத்து இந்திப் படப் பாட்டுகளில் பின்னால் அலை அலையாக எழும் வயலின்களில் நிறைய கோவாக்காரர்கள் கை. நான் மேஜையில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் தோபி தலாவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மரப்படி ஏறி மூன்றாம் மாடி, ஒரே அறை, பாதி இடம் ரெக்கார்டுகளுக்கு.

அவர் வைத்தது ஐந்தாவது. எரிக் கிளைபர் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் இசைக்குழுவோடு 1953-இல் பதிவுசெய்தது. ட-ட-ட-டாம் என்று வந்ததும் நான் தெரிந்தவன் மாதிரி தொடையில் தட்டினேன், முதல் 'ட'வுக்கே அடி. அங்கிள் என் கையைப் பிடித்துவிட்டார். "ராங். முதல் அடி சும்மா" என்றார் பம்பாய் இந்தியில். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். மறுபடி தப்பு. நாலாவது தடவைதான் பிடிபட்டது. அந்த சிம்பொனி சத்தத்தில் தொடங்கவில்லை. எழுதியிருக்கிற முதல் விஷயமே மௌனம். அடி விழுகிறது, ஒன்றும் ஒலிக்கவில்லை, அரை எண்ணிக்கை கழித்துத்தான் அந்த மூன்று 'ட'. நம் கணக்கில் சொன்னால் அரை இடம் தள்ளி எடுப்பு.

மிருதங்கக்காரரான உங்களுக்கு இது தானாகவே உறைத்திருக்க வேண்டாமா? முப்பது தடவை கேட்டீர்களே!

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இசைக்குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்துகிற கண்டக்டருக்கு (மாட்டுங்கா மெஸ்ஸில் இந்த வார்த்தையைச் சொன்னால் டிக்கெட் பஞ்சை டக்டக்கென்று தட்டிக்கொண்டு வரும் பெஸ்ட் பஸ் கண்டக்டர்தான் எல்லோர் மனதிலும் வருவார்) அந்த இடம் தப்பிக்க வேண்டிய ஒரு கண்டம். கை கீழே வருகிறது. தந்தி வாத்தியங்கள் மொத்தமும், கிளாரினெட்டும், அந்த வெறும் அடியை உள்ளே வாங்கிக்கொண்டு ஒன்றாக எழ வேண்டும். உடனே நாலாவது சுரத்தில் நீட்டி நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பது அவர் இஷ்டம். தாளம் என்ன, காலப்பிரமாணம் என்ன என்று யாருக்கும் பிடிபடுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. முன்னால் ஆயிரம் பேர் பதிவு செய்திருந்தாலும் அந்த அரை எண்ணிக்கையில் அவர்கள் யாரும் துணைக்கு வர மாட்டார்கள். "தெரிந்த சிம்பொனியை மறுபடி ஏன்" என்று கேட்கிறீர்கள். தியாகராஜர் கீர்த்தனையை நேற்று ஒருவர் பாடிவிட்டார், இன்று இந்தப் பெண் ஏன் பாடுகிறாள் என்று சண்முகானந்தாவில் எழுந்து கேட்டுப் பாருங்களேன்.

அன்றைக்கு அங்கிள் அடுத்து வைத்தது மகனுடையது. கார்லோஸ் கிளைபர், வியன்னா ஃபில்ஹார்மானிக், 1974. உங்கள் அலுவலக நண்பர் சொன்ன அதே பதிவு. மகன் இசைப் பக்கம் வருவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை, சூரிச்சில் வேதியியல் படிக்க வைத்தார். எந்த ஊராக இருந்தால் என்ன, அப்பாக்கள்! மகன் அப்பா கை வைத்த அதே சிம்பொனியில் கை வைத்தார், அப்போது வயது நாற்பத்து மூன்று. அதைக் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. துதாமெல் தன் முதல் ரெக்கார்டுக்கு அதே ஐந்தையும் ஏழையும், அதே டாய்ட்ச கிராமபோன் ரெக்கார்டு கம்பெனியில், தேர்ந்தெடுத்தார். கிளைபரின் அந்த இரண்டும் ஒரே சிடியாக வீடு வீடாக இருக்கும்போது! திமிர்தான். எனக்குப் பிடித்த திமிர். அந்தக் குழுவில் அவரும் ஒரு பையன், மற்றவர்களும் பையன்கள், பெண்கள். அவர்கள் வாசிப்பதில் அவசரம் இருக்கிறது, இரண்டாம் பகுதி எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆனால் அந்த முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுப்பது தெரிகிறது.

பக்குவமாம். மாலி ஏழு வயதில் மயிலாப்பூரில் புல்லாங்குழலோடு மேடையேறினார். அப்புறம், 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் இந்த சிம்பொனி அரங்கேறிய அழகைக் கேளுங்கள்: நாலு மணி நேரக் கச்சேரி, குளிர், ஒத்திகை போதாது, கடைசி உருப்படி நடுவில் குலைந்து நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். நடத்தியவர் பீத்தோவனே.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். முதல் பகுதி மட்டும் முப்பது தடவை, அதுவும் டோம்பிவிலி ஃபாஸ்ட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பல்லவி கேட்டுவிட்டு எழுந்து காண்டீனுக்குப் போகிறவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? மூன்றாம் பகுதி முடியும் இடத்தில் எல்லாம் அடங்கி, வயலின்கள் முணுமுணுக்க, டிம்பனி என்கிற பெரிய முரசு மட்டும் அடியில் தட்டிக்கொண்டே இருக்கும். அதே மூன்று குட்டை, ஒரு நெட்டை, ரொம்ப சன்னமாக. விரல் நுனியால் தட்டுகிற மாதிரி. இடைவெளியே விடாமல் அதிலிருந்து நாலாம் பகுதி வெடிக்கும். அதுவரை மூன்று பகுதிகளாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்த மூன்று ட்ரம்போன்களும் (நீளமான பித்தளை ஊது வாத்தியம்) அப்போதுதான் வாயைத் திறக்கும். உங்களுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும் இடம் அது. நீங்கள் அங்கே போகவே இல்லை. மொத்தமே அரை மணி நேரம் சொச்சம் தம்பி.

அங்கிள் 1990-களில் ஊருக்குப் போனார், பிறகு தகவல் இல்லை. இரண்டு வாரம் முன்னால் பழைய பெட்டியைக் கிளறும்போது அவர் பென்சிலால் எழுதிக்கொடுத்த தாள் கிடைத்தது. ஐந்து கோடுகள், முதலில் அந்த மௌனக் குறி, அதைச் சுற்றி ஒரு வட்டம். நான் நினைத்துக்கொண்டிருந்த காரணம் அதுதான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தொடங்கிவிட்டீர்களே, அந்தப் பையனோடேயே போங்கள் (அவருக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது). ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அணைத்துவைத்து நாலு பகுதியும் கேளுங்கள், கிளைபர் அடுத்த மாதம். சரி, அந்த மிருதங்கம் டோம்பிவிலி வீட்டில் இருக்கிறதா, ஊரில் பரணில் கிடக்கிறதா? அதை எழுதவே இல்லையே.