ஓட்டத்தில் வலி: நடையை மாத்தணுமா, ஷூவை மாத்தணுமா?

கவிதா: 5 கி.மீ. தாண்டினா முட்டிச் சிப்பியைச் சுத்தி வலி. படி இறங்கும்போதும் இருக்கு. ஷூ மாத்தட்டுமா?

பதில்: ஷூவை இப்போ தொடாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது உதவுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாது. முதல்ல காலடியை எண்ணுங்க. வழக்கமான வேகத்துல ஓடிக்கிட்டே, 30 விநாடியில வலது கால் எத்தனை தடவை தரையைத் தொடுதுன்னு பார்த்து 4-ஆல பெருக்குங்க. 39 வந்தா நிமிஷத்துக்கு 156. அதுல 5 சதவீதம் கூட்டி மெட்ரோனோம் செயலியை (ஒரே சீரா தாளம் தட்டுற ஆப்) 164-ல வையுங்க. 1 நிமிஷம் புதுத் தாளம், 2 நிமிஷம் பழையபடி. ஒரு ஓட்டத்துல ஆறு தடவை போதும். அடி சுருங்கினா பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழாது, சிப்பிக்குப் பின்னால அழுத்தம் குறையும். தாளத்தைத் துரத்தி வேகத்தைக் கூட்டிடறதுதான் இங்க நடக்கிற தப்பு. ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற நேரம் மாறக் கூடாது. எல்லாரும் நிமிஷத்துக்கு 180 காலடிக்கு வரணும்னு கட்டாயம் இல்லை.

ராஜேஷ்: குதிகால் முதல்ல படறதுதானே பிரச்சினை? முன்பாதத்துல ஓடச் சொல்லுங்க. 2010-ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்த, ஹார்வர்டு ஆய்வாளர் டேனியல் லீபர்மன் ஆய்வு அதைத்தானே சொல்லுது?

பதில்: அவர் குழு அளந்தது பாதம் தரையில மோதுற விசையை. காயம் குறையுமான்னு அந்த ஆய்வு அளக்கலை. முன்பாதத்துக்கு மாறினா முட்டிக்குப் பாரம் குறையும், உண்மைதான். அந்தப் பாரம் கெண்டைச்சதைக்கும், குதிக்கு மேல இருக்கிற அக்கிலீஸ் தசைநாருக்கும் போகும்.

ராஜேஷ்: ட்ராப் (ஷூவோட அடியில குதிப்பக்கத்துக்கும் முன்பாதத்துக்கும் இருக்கிற உயர வித்தியாசம்) இல்லாத ஷூ போட்டா உடம்பு தானா பழகிக்காதா?

பதில்: காயம் குறையும்னு விளம்பரம் செஞ்சதுக்காக வெறுங்கால் மாதிரி ட்ராப் இல்லாத ஷூ விக்கிற விப்ரம் கம்பெனி மேல அமெரிக்காவுல வழக்கு வந்து, 2014-ல தப்பை ஒப்புக்காமலே 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆச்சு. 10 மி.மீ. ட்ராப்ல இருந்து நேரா 0-க்குத் தாவினவங்க அடிக்கடி வந்து நிக்கிறது காலையில முதல் அடி வைக்கும்போது குதிக்கு மேல விறைப்போடதான். மாறியே ஆகணும்னா முதல்ல 6 மி.மீ.க்கு வாங்க, வாரத்துல ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் புது ஷூ. அதுக்கும் முன்னாடி, படியோரத்துல ஒத்தைக்கால்ல நின்னு குதியை உயர்த்தி, 3 விநாடி எடுத்து இறக்குங்க. 15 தடவை வீதம் 3 சுத்து முடியலைன்னா மாற வேண்டாம். அந்த வாரங்கள்ல தூரத்தையும் கூட்டாதீங்க. மறுபடியும் சொல்றேன், ஒரு நேரத்துல ஒரு மாற்றம்.

இம்ரான்: எந்த பிராண்டு நல்லது?

பதில்: உங்க கால்ல உறுத்தாதது. சாயங்காலம், ஓடுற சாக்ஸோட போட்டுப் பாருங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.

லதா: எனக்குத் தட்டைப்பாதம். எந்த பிராண்டு?

பதில்: இம்ரானுக்குச் சொன்னதுதான். பாத வளைவை மட்டும் பார்த்து ஷூ தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஜோசப்: சைஸ் சரி, ஆனா குதி வழுக்குது. வேற பிராண்டு?

பதில்: பிராண்டு கேள்வி போதும். மேல் ஓரத்துல சும்மா கிடக்கிற கடைசி ஓட்டையில ரெண்டு பக்கமும் லேஸால சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதுக்குள்ள நுழைச்சு, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்க.

சுதா: முன்னங்கால் எலும்புல ஒரே இடத்துல, விரல் வெச்சுக் காட்டுற மாதிரி வலி. ராத்திரியும் இருக்கு. நடையை எப்படி மாத்தணும்?

பதில்: ஓட்டத்தை இன்னைக்கே நிறுத்துங்க. எலும்புல அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழுற பாரத்தால வர்ற மெல்லிய விரிசல்) இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்க; ஆரம்பத்துல எக்ஸ்ரேயில தெரியாமப் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவையான்னு கேளுங்க.