கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் சுவர்கள் ஏன் கறுத்திருக்கின்றன? தேய்த்துக் கழுவினால் போதாதா?

நீங்கள் கேட்டிருக்கும் கறுப்பு வெறும் அழுக்கோ புகையோ இல்லை, பெரும்பாலும் உயிருள்ள படலம். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரிகள் மணற்கல்லின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு பிசின் போன்ற பசையைச் சுரக்கின்றன. கம்போடிய வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க, அந்த உறையில் கரும்பழுப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. இவை வளர ஈரம் வேண்டும்; மழைநீர் வழியும் தடங்களில் கறுப்பு பட்டை பட்டையாக இறங்குவது அதனால்தான். காய்ந்த படலத்தில் தண்ணீர் பட்டால் உப்பிக்கொண்டு லேசாகப் பச்சை தட்டும்.

சேதம் பல வழிகளில் வருகிறது. பசை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; கல்லுக்குள் இருக்கும் களிமண் கனிமங்கள் ஊறி விரிந்து, காய்ந்து சுருங்குகின்றன. கறுத்த பரப்பு வெயிலில் கூடுதலாகச் சூடேறுகிறது. பூஞ்சையும் லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து கனிமங்களைக் கரைக்கின்றன. கடைசியில் செதில் செதிலாக உரியும்போது சிற்பத்தின் விரலும் நகையும் சேர்ந்தே போய்விடும். அப்புறம், தூண்களின் அடிப்பகுதி அரிப்புக்கு நுண்ணுயிரிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. வௌவால் எச்சத்தின் உப்புகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

சரி, கழுவலாமா? 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே அம்மோனியா கரைசலால் சுத்தம் செய்தது. கல்லின் மேல்தோல் பாதிக்கப்பட்டதாகக் கடும் விமர்சனம் எழுந்தது. தேய்த்தால் பரப்பு சொரசொரப்பாகும், அதில் அடுத்த படலம் இன்னும் எளிதாகப் பிடிக்கும். என் கருத்தில், முதலில் கூரைக் கசிவையும் நீர் வழியும் பாதையையும் சரிசெய்ய வேண்டும். செதுக்கு வேலை உள்ள இடத்தில் பிரஷ் வைப்பது அதற்குப் பிறகு, அதுவும் சிறு பகுதியில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.