திருவருகைக் காலம்: உபதேசியாரிடம் கேளுங்கள்

தஞ்சைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றில் ரொம்ப நாள் உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவனாக இருந்தவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காத்திருப்புதான் திருவருகைக் காலம். அதைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: வாரம் ஒரு மெழுகுத்திரி ஏற்றும் திருவருகை வளையத்தில் பிளாஸ்டிக் இலையைச் சுற்றி நடுவில் மெழுகுத்திரி கொளுத்தாதீர்கள்.

பாபநாசம்: இந்தக் காலத்தில் குருவின் திருவுடை ஊதா ஏன் ஐயா?
மனதைத் தயார் செய்யும் காலம், அதனால். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் மாதிரி கட்டாய நோன்பு கிடையாது.

தரங்கம்பாடி: நாங்கள் லூத்தரன். வளையம் கத்தோலிக்க வழக்கம் என்கிறார்களே?
தலைகீழ். உங்களிடமிருந்துதான் எங்களுக்கு வந்தது. 1839இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற லூத்தரன் போதகர், தன் இல்லத்து ஏழைப் பிள்ளைகள் 'கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ' என்று நச்சரித்ததால் வண்டிச் சக்கரத்தில் திரி வைத்து நாள் எண்ண விட்டார். மற்றதை உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள்.

மன்னார்குடி: பாடகர் குழுவில் இருக்கிறேன். ட்ரம் அடித்துப் பாடினால்தான் எனக்குச் செபம். செபமாலைக் குழு அக்காமார் 'அமைதியாக இரு' என்று விரட்டுகிறார்கள். யார் சரி?
இரண்டு பேரும்தான், ஆனால் ஒரே நாளில் இல்லை தம்பி. டிசம்பர் 16 வரை வழிபாடு அதிகமாக ஆண்டவரின் இரண்டாம் வருகையை, அதாவது உலக முடிவில் அவர் திரும்பி வருவதை நினைவூட்டும். 17இலிருந்துதான் இயேசு பிறந்த பெத்லகேம் பக்கம் முழுசாகத் திரும்பும். திருப்பலியில் (பூசையில்) இசை மட்டாக இருக்கட்டும், பிறப்பின் மகிழ்ச்சியை முன்கூட்டியே கொட்டிவிடக் கூடாது என்று திருப்பலி நூலின் முன்னுரையே சொல்கிறது. வயலில் சம்பா சூல் கட்டி நிற்கும்போது கதிரைப் பிடித்து வெளியே இழுப்போமா? அதற்காக உன் ட்ரம் பாவமில்லை. இயேசு வருவதற்கு முன் பாலைவனத்தில் கத்தினாரே திருமுழுக்கு யோவான், அவரை யார் 'சத்தம் போடாதே' என்றார்கள்?

அதே ஊர், ஓர் அக்கா: அப்போ நாங்கள்தான் வில்லிகளா?
இல்லம்மா. இயேசுவின் தாய் மரியாள் எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதுகிறார், அது உங்கள் வழி. ஆனால் உங்கள் அமைதியால் அடுத்தவர் பக்தியை அளக்காதீர்கள்.

மன்னார்குடித் தம்பி: பார்த்தீர்களா அக்கா!
டேய், நீயும் அளக்காதே. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் மழையில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போகிறார்கள், பாடவுமில்லை, கண்ணை மூடவுமில்லை. அது செபமில்லையா?

கும்பகோணம்: ஊதா எதற்கு?
மேலே பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி: போன வருடம் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பாட்டும் ஒட்டவில்லை, செபமும் வரவில்லை. கோயிலில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.
அம்மா, மத்தேயு 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆற்றங்கரையில் 'அவர் வருகிறார்' என்று முழங்கிய அதே யோவான் இப்போது சிறையில். ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா? முழங்கியவருக்கே அந்த நிலை. இயேசு கோபப்படவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது, போய்ச் சொல்லுங்கள் என்கிறார். கேட்டவர்கள் போனதும், பெண்ணிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்திடம் புகழ்கிறார். அவர் சந்தேகப்பட்ட பிறகு சொன்னது இது. அதனால் மரக்கட்டையாகவே உட்காருங்கள். வந்து உட்கார்ந்ததே காத்திருப்புதான். இந்த வருடம் கேரல் குழு உங்கள் வாசலுக்கு வர வேண்டாம் என்று தோன்றினால் அன்பியத்தில் (உங்கள் தெரு செபக் குழுவில்) சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மன்னார்குடித் தம்பி: ஐயா, அந்த அம்மா வீட்டு வாசலில் ட்ரம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடலாமா?
முதலில் அவரைக் கேள். அப்புறம் உன் அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போ.

நீடாமங்கலம்: வளையத்துக்கு என்ன இலை?
பச்சை இலை. பிளாஸ்டிக் வேண்டாம். எத்தனை தடவை சொல்வது?