பில் கையில் இருந்தால் மட்டும் போதாது, தம்பி

தம்பி, திருநெல்வேலியிலிருந்து மும்பைக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, சம்பளம் ஆண்டுக்கு 11 லட்சம், மனைவி தாராவியில் ஒரு கணினிக் கடை வைக்கப் போகிறார், குடும்பத்துக்கும் கடைக்கும் என்னென்ன வரிச் சலுகை கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சம்பளம். 2025-26 நிதியாண்டிலிருந்து வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை; சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 சேர்த்து 12.75 லட்சம். உங்களுக்கு வரியே வராது. கம்பெனி ஏற்கெனவே பிடித்திருந்தால், அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். சம்பளச் சீட்டில் மாதம் 200, பிப்ரவரியில் 300 என்று பிடிப்பது மகாராஷ்டிராவின் தொழில் வரி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால் கிடைக்கும் கழிவு (அவர்கள் 60 வயது நிரம்பியவர்கள் என்றால் 50,000 ரூபாய் வரை) பழைய முறையில்தான் உண்டு. உங்களுக்கு அது பயன்படாது. ஆனாலும் காப்பீட்டை எடுத்துவிடுங்கள். வரிக்காக அல்ல, நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருப்பதற்காக.

கடை விஷயத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பொருள் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதியாவிட்டால் கொள்முதலில் கட்டிய வரி போனது போனதுதான். பதிந்தால், விற்பனையில் வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். இன்புட் கிரெடிட் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் காம்போசிஷன் திட்டமும் உண்டு, ஆனால் அதில் இந்த வரவு கிடையாது. கம்பெனிகளுக்கு விற்பதாக இருந்தால் அது வேண்டாம் என்பேன். நீங்கள் கொடுக்கும் பில்லை வைத்து அவர்களாலும் கழிக்க முடியாது.

2022-இல் என் கடைக்கு இரண்டு மடிக்கணினி வாங்கினேன். விலை ஒரு லட்சம், வரி 18,000. முத்திரை குத்திய பில், என் ஜிஎஸ்டி எண், எல்லாம் சரியாக இருந்தன. மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏறும் பட்டியலைத் திறந்தால் அந்த வரியைக் காணோம். விற்றவர் தன் கணக்கில் அதைக் காட்டவே இல்லை. எத்தனை முறை அலைந்தும் அவர் காட்டவில்லை, அந்த 18,000 எனக்குக் கிடைக்கவும் இல்லை. அந்த பில்லை இன்னும் கல்லாப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

அதனால் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பட்டியலையும் பில் கட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். வராத பில்லுக்கு அன்றைக்கே போன் போடுங்கள். பெரிய தொகையென்றால் வரியளவுப் பணத்தைப் பட்டியலில் ஏறும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடையின் உபயோகத்துக்கான கணினியைப் பதிவு கிடைக்கும் முன் வாங்கிவிடாதீர்கள். விற்பதற்காக வைத்திருக்கும் சரக்குக்கு விதிப்படி வரவு கேட்க வழி உண்டு, இதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்கு வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.