டாவோவில் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

பிலிப்பைன்சின் தெற்கே, மிண்டனாவ் தீவில் இருக்கிறது டாவோ நகரம். மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் பலர் போகும் ஊர். போகிறவர்களும் அனுப்புகிறவர்களும் கேட்டவற்றில், வீடு நடத்துவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

மிக்சி, கிரைண்டர், குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு. இவற்றில் எதை மகளோடு அனுப்புவது? (நாமக்கல்)

குக்கரும் மிக்சியும் போதும். அங்கே மின்சாரம் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்சிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். ஹெர்ட்ஸ் மாறினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கிரைண்டர் மோட்டார் அப்படியில்லை, அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், இழுவை குறையும், மாவு கெட்டிப்பட்டால் மோட்டார் முனகிச் சூடேறும். பெட்டியில் அது தின்னும் எடையையும் நினைத்தால், வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் சரி.

அடுத்தது பிளக். அங்கே சுவரில் இருப்பவை தட்டையான இரண்டு துளைகள், பெரும்பாலும் எர்த் கிடையாது. மலிவான அடாப்டர் நம்முடைய உருண்டைப் பின்னை இறுக்கிப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறந்து பிளாஸ்டிக் உருகும். அதனால் தடித்த கம்பி போட்ட, எல்லாப் பின்னும் பொருந்தும் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை அடாப்டரில் மாட்டவே கூடாது. 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். வேண்டுமென்றால் அதை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

குக்கரோடு கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு, வெயிட் ஒன்று கூடுதலாக வையுங்கள். மறந்துபோகும் சாமான் இதுதான்.

கேஸ் சிலிண்டர் 11 கிலோ, அங்கே 'தாங்கே' என்பார்கள். வால்வில் இரண்டு வகை: அழுத்தி மாட்டுவது 'சல்பாக்', மரையிட்டுத் திருகுவது 'ரோஸ்காஸ்'. ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதில் ஏறாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரெகுலேட்டரைப் பார்த்த பிறகே சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மாட்டியதும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது எந்த நாட்டுக்கும் பொது.

சோறு களி மாதிரி குழைகிறது. இட்லி கல்லாகிறது. அரிசி குற்றமா, கை குற்றமா? (டாவோவில் படிக்கும் மாணவர், சொந்த ஊர் திண்டுக்கல்)

பாதிக்கு மேல் அரிசிதான். குவியலில் குத்தியிருக்கும் அட்டையைப் படியுங்கள். 'மலம்போட்' என்றால் மெத்தென்று ஒட்டும் சோறு, 'மபாங்கோ' என்றால் மணமுள்ளது. உங்களுக்கு வேண்டியது 'லாவோன்', அதாவது பழைய அரிசி. அதோடு 'மஆல்சா' என்றும் எழுதியிருந்தால் வெந்ததும் நன்றாக உபரி காணும். 'பிலிட்' என்ற அட்டை இருந்தால் நகர்ந்துவிடுங்கள், அது பலகாரம் செய்யும் ஒட்டரிசி. 'புகாஸ் மைஸ்' என்பது வெள்ளை மக்காச்சோள நொய். அரிசியென்று வாங்கி ஏமாந்தாலும் உப்புமாவுக்கு ஆகும்.

ஒரு குவளை லாவோனுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை குவளை தண்ணீர். நம்மூர்ப் புழுங்கலுக்கு வைக்கும் அளவில் வைத்தால் களிதான் வரும். இன்னும் குழைந்தால் நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள்.

இட்லிக்கு அங்கே கிடைப்பது பச்சரிசி, அதனால்தான் கல்லாகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஊறும்போது ஒரு கைப்பிடி அவலோ அரைக்கும்போது ஒரு கரண்டிச் சோறோ. உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து நுரைக்க அரையுங்கள், மிக்சி சூடு மாவைக் கெடுக்கும். அரிசியை ரவை பதத்தில் நிறுத்துங்கள். ஆண்டு முழுக்கக் கோடைதான் என்பதால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். இரவு பத்துக்குக் கரைத்துவிட்டுக் காலை பத்துக்குத் திறந்தால் புளித்த வாடை வரத்தான் செய்யும்.

சந்தையில் நம் காய்கறி கிடைக்குமா? என்ன பெயர் சொல்லிக் கேட்பது? (கும்பகோணம்)

பங்கெரோஹான் சந்தைக்குப் போனால் பாதி நம்மூர்தான். பேச்சுமொழி பிசாயா. முருங்கைக்கீரை அங்கே 'கமுங்கை'. கீரையைத்தான் தின்பார்கள், காய் தேட வேண்டியிருக்கும். பாகல் 'பலியா', பீர்க்கு 'சிக்வா', கத்தரி 'தாலோங்', நீளப் பயறு 'பாத்தோங்', கொடிப்பசலை 'அலுக்பாத்தி', இஞ்சி 'லூயா', புளி 'சம்பாக்'. 'கபி' என்றால் சேப்பங்கிழங்கு, குடிக்கிற காபி இல்லை. எலுமிச்சைக்குப் பதில் கலமான்சி, நெல்லிக்காய் அளவு இருக்கும், மூன்று பிழிந்தால் ரசத்துக்குப் போதும். தேங்காயை வாங்குமிடத்திலேயே இயந்திரத்தில் துருவித் தருவார்கள். அன்றே சமைத்துவிட வேண்டும், ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மாலைக்குள் ஊசிப்போகும்.

துவரையும் உளுந்தும் இந்தியச் சாமான் கடையில்தான். 'முங்கோ' என்று தெருவுக்குத் தெரு விற்பது பச்சைப்பயறு. கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடியாக எடுத்துப் போங்கள். பச்சை இலை, விதை, செடியைத் தாவரப் பரிசோதனை அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

விலை கேட்க 'தக்பிலா?'. கேள்வி பிசாயாவில், பதிலோ ஸ்பானிய எண்ணில் வரும். பாய்ந்த்தே 20, சிங்க்வெந்தா 50, சாய்செந்தா 60, சித்தெந்தா 70. கடைசி இரண்டையும் காது பிரிக்கப் பழகும்வரை விரலால் காட்டச் சொல்வது நல்லது. 'தோஸ்' 2, 'தோசே' 12, இதிலும் அதே சிக்கல். வாராவாரம் ஒரே கடையில் வாங்கினால் நீங்கள் அவருக்கு 'சுக்கி', வாடிக்கைக்காரர். பேரம் பேசாமலே ஒரு கொத்துக் கூடுதலாக விழும்.

சைவம். வெளியே எதைச் சாப்பிடலாம்? (காரைக்குடி)

கேட்காமல் எதையும் சாப்பிட முடியாது. 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சொன்னால் பன்றியும் மாடும் கோழியும் இல்லை என்றுதான் பொருள், மீனும் கூனியும் அந்தக் கணக்கில் வராது. காய்கறிக் கூட்டு மாதிரி இருக்கும் பினாக்பெட்டில் கூனி ஊறல் உண்டு. பச்சைப்பயறுக் குழம்பில் கருவாடோ பன்றியோ கிடக்கும். எதுவுமே தெரியாத சூப்பில் மாட்டுச்சாறுக் கட்டி கரைந்திருக்கும். 'வலாய் கார்னே, வலாய் இஸ்தா, வலாய் கினாமோஸ்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், மீன் ஊறல் மூன்றும் வேண்டாம். 'தோக்வா' எனும் சோயாக்கட்டியைப் பொரித்துத் தரச் சொன்னால், எண்ணெய் எது என்று கேட்டபின், அதுதான் ஓரளவு தைரியமான வழி.

கேட்டதற்குக் கடைக்காரர் பேசாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினால் 'ஆமாம்' என்று அர்த்தம். நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்குப் புரியாது, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜீப்னியில் ஏற பயமாக இருக்கிறது. (சேலம்)

ஜீப்னி என்பது ஜீப் வடிவத்தில் ஓடும் சிறு பேருந்து. பின்பக்கம் ஏறி, எதிரெதிர் பலகையில் உட்காருவது. நெற்றியில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும். மத்தினா, தோரில், புஹாங்கின், சாசா இப்படி. அதற்கடுத்து எழுதியிருக்கும் 'வழி' முக்கியம். சாசாவுக்கே ஆர். காஸ்டில்யோ வழி ஒன்று, கபாகியோ வழி ஒன்று. பெயரை மட்டும் பார்த்து ஏறினால் வேறு தெருவில் இறங்குவீர்கள்.

கண்டக்டர் கிடையாது. 'பிலேத்தே, பாலிஹூக்' என்று சொல்லிக் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினால் கை மாறி ஓட்டுநருக்குப் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். எத்தனை பேர், எங்கே இறங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் இறங்கும்வரை சம்பளமில்லாத கண்டக்டர் நீங்கள்தான். 2023 அக்டோபரில் பழைய ஜீப்னியின் குறைந்த கட்டணம் 13 பேசோ ஆனது. 1000 பேசோ நோட்டை நீட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மாணவர்க்கான 20 சதவீதச் சலுகை சட்டப்படி பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு, நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வாதாட வேண்டாம்.

இறங்க, 'லுகார் லாங்!' என்று குரல் கொடுங்கள். காதில் விழவில்லையென்றால் கூரைக் கம்பியில் நாணயத்தால் இரண்டு தட்டு. மணிலாப் பழக்கத்தில் 'பாரா' என்றாலும் நிறுத்துவார்கள், வெளியூர் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

மகனோடு மூன்று மாதம் தங்க நினைக்கிறேன். விசா இல்லாமலே போகலாமாமே? (மதுரை)

2025 ஜூன் முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு 14 நாள் விசா இல்லா அனுமதி உண்டு. ஆனால் அதை நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. இதை நம்பி ஏறிவிட்டு அங்கே போய் நீட்டிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்று மாதம் என்றால் இங்கேயே சுற்றுலா விசா வாங்கி, அங்கே குடிவரவு அலுவலகத்தில் நீட்டித்துக்கொள்ள வேண்டும். தங்கல் 59 நாளைத் தாண்டினால் ஏ.சி.ஆர். ஐ-கார்டு என்ற அடையாள அட்டை எடுப்பது கட்டாயம். ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கினால் நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் இ.சி.சி. எனும் சான்றும் வாங்க வேண்டும். டிக்கெட் நாளுக்கு முதல் நாள் ஓடினால் கைக்கு வராது. வந்திறங்கும் முன்பான 72 மணி நேரத்துக்குள் அந்நாட்டு அரசின் இ-டிராவல் தளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் போலி.

சுற்றுலாப் பயணியாக வாங்கும் சிம் 30 நாளில் செத்துவிடும். விசா நீட்டித்த தாளைக் காட்டி அதையும் நீட்டிக்கலாம். மகனுடைய கணக்கு வேறு. மாணவர் விசாக்காரர் ஒவ்வொரு ஆண்டும் முதல் 60 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். தேர்வு மும்முரத்தில் இதைத் தவறவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

எங்களை ஏன் 'பும்பாய்' என்கிறார்கள்? திட்டா? (டாவோ)

இந்தியர் எல்லாருக்கும் அங்கே அந்தப் பெயர்தான். மோட்டார் சைக்கிளில் வந்து 'ஐந்துக்கு ஆறு' வட்டிக்குக் கடன் தந்த பஞ்சாபிகளால் ஊரெல்லாம் பரவியது. சொல்கிற தொனியில்தான் திட்டா இல்லையா என்பது இருக்கிறது. பிசாயாவில் வெங்காயத்துக்கும் 'பொம்பாய்' என்றுதான் பெயர், சந்தையில் யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டாம். கோபம் வந்தால் 'மங்கா'வை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மாம்பழத்துக்குச் சொல்லும் அந்தச் சொல், மலாய் வழியாகப் போன நம் மாங்காய்தான்.

புயல், நிலநடுக்கம் என்று செய்தி வருகிறது. அனுப்பலாமா? (தஞ்சாவூர்)

டாவோ நகரம் புயல் வழக்கமாகக் கடக்கும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. 2012 டிசம்பரில் பாப்லோ புயல் பக்கத்து மாகாணங்களைத் துவைத்தது, ஆனால் அது அரிது. நிலநடுக்கம் அரிதில்லை. 2019 டிசம்பரில் டாவோ டெல் சுர் மாகாணத்தில் ஒன்று. 2025 அக்டோபர் 10 அன்று டாவோ ஓரியண்டல் கரைக்கு அப்பால் 7.4 அளவில் ஒன்று, அன்று மாலையே இன்னொன்று. அதற்காக அனுப்பாமல் இருக்க வேண்டாம். அறை பார்க்கும்போதே தூண்களில் விரிசல் உண்டா, மாடிப்படி இரண்டு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேல் அலமாரி வேண்டாம். கட்டிலடியில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடந்துதான் பலர் காயப்படுகிறார்கள். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடக் கூடாது, மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றதும் சிலிண்டரை மூடிவிட்டுக் கடவுச்சீட்டோடு படியிறங்க வேண்டும், லிஃப்ட் வேண்டாம். அடுத்த அதிர்வு எப்போது வரும் என்று தெரியாததால், விரிசல் கண்ட கட்டிடத்துக்குள் சாமான் எடுக்கக்கூடத் திரும்பிப் போகக் கூடாது.